நடுவிரல் ஏன் குளிர்கிறது?

ஒரே அளவுள்ள மூன்று நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் சிறிது நேரம் போட்டு வையுங்கள். மூன்றாவதை உள்ளங்கையில் மூடிக்கொள்ளுங்கள். பிறகு குளிர்ந்த நாணயங்களை ஈரம் போகத் துடைத்து, கைச்சூடு பட்ட நாணயம் நடுவே வருமாறு மூன்றையும் மேசைமேல் வரிசையாக வையுங்கள். சுட்டுவிரலும் மோதிரவிரலும் குளிர்ந்தவற்றின்மீதும், நடுவிரல் நடு நாணயத்தின்மீதும் ஒரே சமயத்தில் படட்டும். மூன்று விரல்களுமே குளிர்வதாகத் தோன்றும்! இனி நடுவிரலை மட்டும் சற்றே உயர்த்துங்கள். அதன் குளிர்ச்சி போய்விடும்.

அமெரிக்க உளவியலறிஞர் பாரி கிரீன் 1977-ல் இந்த மயக்கத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். குளிர்ச்சிக்குப் பதில் இளஞ்சூடு கொடுத்தாலும் இதே விளைவுதான். நடுவிரல் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் மயக்கம் உண்டாகிறது என்பதே இதில் வியப்பான செய்தி.

இதற்குக் காரணம் என்ன? தோலில் தொடுகை, குளிர்ச்சி, வெம்மை ஆகியவற்றுக்குத் தனித்தனி நரம்புகள் உள்ளன. குளிர்ச்சியை உணரும் புள்ளிகளும் வெம்மையை உணரும் புள்ளிகளும் வெவ்வேறு என்பதை சுவீடன் நாட்டு மாக்னஸ் பிளிக்ஸ் 1880-களிலேயே கண்டறிந்தார். தொடுநரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். விரல்நுனியில் சுமார் 2 மி.மீ. இடைவெளியில் படும் இரு முனைகளைக்கூட அவை பிரித்தறியும். வெப்ப நரம்புகளோ இதில் மந்தம். தோலைத் தொடாமல், கதிர்வீச்சால் மட்டும் இலேசான வெப்பம் தந்து சோதித்தபோது, அது உடலின் முன்புறம் பட்டதா பின்புறம் பட்டதா என்பதிலேயே சிலர் தவறினர்! ஆகவே மூளை, 'எவ்வளவு' என்பதை வெப்ப நரம்புகளிடமும், 'எங்கே' என்பதைத் தொடுநரம்புகளிடமும் கேட்டு இரண்டையும் இணைத்துக்கொள்கிறது. நாம் அன்றாடம் பிடிக்கும் செம்பும் குவளையும் பெரும்பாலும் ஒரே சீரான சூட்டில் இருப்பதால், இந்தக் குறுக்குவழி நம்மை அதிகம் ஏமாற்றுவதில்லை.

இந்த இரு உணர்வுகளும் பிரிந்துபோவதும் உண்டு. தொழுநோயில் பெரும்பாலும் வெப்ப உணர்வே முதலில் மங்குகிறது. தொடு உணர்வு பின்னரே குறைகிறது. தொட்டால் தெரிகிறதே என்று நோயாளி நம்பியிருப்பார். சுடுகலம் கையைச் சுட்டுவிடும். அதனால்தான் மருத்துவர் நோயாளியின் கண்களை மூடச் சொல்லி, வெந்நீரும் குளிர்நீரும் கொண்ட சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றித் தேமலின்மேல் வைக்கிறார். 'தெரிகிறதா?' என்று கேட்டால் போதாது. தொடுகை மட்டும் எஞ்சியிருந்தாலும் 'தெரிகிறது' என்றே பதில் வரும். 'சூடா, குளிரா?' என்றுதான் கேட்க வேண்டும்.