சிவந்துடுச்சு... வெந்துடுச்சா?

பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால், கோடை பிறந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குப் பின்னால் புல்தரை, மடக்கு நாற்காலிகள், நடுவே கறுப்பாக ஒரு கேஸ் கிரில், அதன்மேல் செக்கச்செவேலென்று சிக்கன் லெக் பீஸ். அங்கே போகும் அம்மா அப்பாக்களும் இப்போது இடுக்கியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். 'அடுப்புதானே, நமக்குத் தெரியாததா?' என்ற தைரியம்தான்!

அடுப்புதான். ஆனால், குழம்பில் கொதிக்கும் கறி நாலாபக்கமும் ஒரே சீராக வேகும். கிரில்லில் அப்படியில்லை. அடியிலிருந்து வரும் வறண்ட சூடு மேல்தோலைத் தீய்த்துவிடும். எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே இருக்கும்.

இதில் நம் மசாலா வேறு ஏமாற்றும். காஷ்மீரி மிளகாய்த்தூள், தயிர், இஞ்சி பூண்டு எல்லாம் பூசிய பீஸ், கிரில்லில் ஏறுவதற்கு முன்பே சிவப்பு. ஐந்து நிமிடத்தில் ஓரம் கறுத்து, பார்க்க தந்தூரி மாதிரியே ஆகிவிடும். தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் கருகும். 'வெந்துடுச்சு' என்று குழந்தையின் தட்டில் வைத்துவிடுவோம். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். சரியாக வேகாவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகளை இது அதிகம் படுத்தும்.

எனவே நிறத்தை நம்ப வேண்டாம். இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சதை தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்த வேண்டும். சிக்கன் என்றால் 74 டிகிரி செல்சியஸ், அதாவது 165 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். மட்டன் கொத்துக்கறி கபாபுக்கு 71, மீனுக்கு 63 டிகிரி. கிரில் மூடியிலேயே ஒரு மீட்டர் இருக்குமே என்பீர்கள். அது உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் சொல்லும், கறியின் சூட்டை அல்ல.

கருகாமல் வேக ஒரு வழி உண்டு. எல்லா பர்னரையும் ஏற்றி, மூடி போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு ஒரு பக்கத்து பர்னரை அணைத்துவிட்டு, லெக் பீஸ்களை அந்தப் பக்கம் அடுக்கி மூடிவிடுங்கள். உள்ளே 190 டிகிரி அளவில் சூடு நின்றால் 35 முதல் 45 நிமிடத்தில் வெந்துவிடும். கடைசியில் மட்டும் எரியும் பக்கம் மாற்றி, புரட்டிப் புரட்டி நிறம் ஏற்றலாம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பீஸை அணைந்திருக்கும் பக்கம் நகர்த்துங்கள். நெருப்பு அடங்கவில்லை என்றால் பர்னர்களை அணைத்து மூடியைப் போட்டுவிடுங்கள்.

சிக்கன் ஊறிய மசாலாவை வெந்த பீஸ்மேல் தடவுவது பலருக்கும் பழக்கம். அது பச்சைக் கறியின் நீர் கலந்தது. தடவத்தான் வேண்டும் என்றால் முதலிலேயே கொஞ்சம் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பதும் அதே கதைதான். சைவக்காரர்கள் வந்திருக்கிறார்களா? பனீர், சோளம், குடமிளகாயை முதலில் சுட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் கறியை ஏற்றுங்கள். யாருக்கும் சங்கடமில்லை.

இனி கேஸ். அங்கே சிலிண்டரில் இருப்பது புரொப்பேன். காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மூடியபடி கேஸைத் திறந்தால் உள்ளே சேர்ந்து, பொறி பட்டதும் முகத்தை நோக்கி 'குப்'பென்று அடிக்கும். பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறப்பது முக்கியம். சட்டென்று திருகினால் ரெகுலேட்டர் கசிவு என்று எண்ணி கேஸ் வரத்தைக் குறைத்துவிடும், தீ சுண்டிப்போகும். 'சிலிண்டர் காலி' என்று புதிது வாங்க ஓடுபவர்கள் உண்டு!

கசிவு பார்க்க நம் வீட்டு வைத்தியமேதான்: சோப்பு நீரை ட்யூப், இணைப்புகளில் தடவுங்கள், குமிழி வந்தால் பற்றவைக்காதீர்கள். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கிரில் என்றால் பர்னர் குழாய்களுக்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், அதையும் சுத்தம் செய்யுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருந்தால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். உதிர்ந்த கம்பி கறியில் ஒட்டித் தொண்டையில் குத்தும்.

மழை வந்தால் கிரில்லை கராஜுக்குள் தள்ளாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. வாடகை அபார்ட்மென்ட் பால்கனியில் பல இடங்களில் தடையே உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு சுவாரஸ்யத்தில் மிச்சக் கறி மேஜையிலேயே கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான்.