மரவள்ளி மாவும் கோதுமை விலக்கிய அடுக்களையும்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் வாழ்ந்தோர் இறுதிவரை மறவாத உணவு ஒன்று உண்டு. அதுவே மரவள்ளிக் கிழங்கு. அந்நாளில் இந்நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. போர் மூண்டதும் அவ்வரவு குன்றியது. தோட்டப்புறக் குடியிருப்புகளிலும் நகரத்து வீட்டுக் கொல்லைகளிலும் மரவள்ளிக் குச்சிகள் ஊன்றப்பட்டன. அவித்தும் துருவியும் மாவாக்கி ரொட்டியாகச் சுட்டும் மக்கள் அதனைக்கொண்டே வயிற்றை நிரப்பினர். போர் முடிந்து அரிசி மீண்ட பின்னர், பஞ்சத்துக் கிழங்கு என்னும் எண்ணமே அதனைச் சூழ்ந்து நின்றது.

இன்றோ, கோதுமை உண்ணலாகாது என்று மருத்துவர் விலக்கியவர்களின் அடுக்களையில் அதே கிழங்கின் மாவு சிறப்பிடம் பெற்றுள்ளது. ஒரு காலத்தில் இகழப்பட்ட பொருள் பிறிதொரு காலத்தில் விரும்பப்படுவது எதனால்? அம்மாவினால் ஆவது யாது, ஆகாதது யாது? இவற்றைத் தெளிவாக அறிதல், நோயுற்ற குழந்தைக்கு உணவு சமைக்கும் இல்லத்தார்க்கு இன்றியமையாததாகும்.

ஒரே போர், இரு பஞ்சங்கள்

கோதுமையிலுள்ள ஒருவகைப் புரதத்துக்குப் பசையம் என்பது பெயர். குளூட்டன் எனவும் வழங்குவர். வாற்கோதுமையிலும் ரை என்னும் தானியத்திலும் இதனையொத்த புரதங்கள் உள்ளன. சிலருடைய உடல் இதனைப் பகையாகக் கருதுகிறது. பசையம் கலந்த உணவு உட்சென்றதும் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய உறிஞ்சிகள் சிதைகின்றன. உண்ட உணவின் சத்து உடலிற் சேர்வதில்லை. வயிறு உப்பும், கழிச்சல் உண்டாகும், குருதி குன்றும், குழந்தையின் வளர்ச்சி தடைப்படும். இதுவே சீலியாக் நோய். உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டென மதிப்பிடுகின்றனர்.

1888-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயின் குறிகளை விளங்க எழுதினார். உணவு முறையினால்தான் இதனைத் தீர்க்க இயலும் என்றும் அவர் கருதினார். ஆயினும் எந்த உணவு பகை என்பது அன்று புலப்படவில்லை. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே என்பவர், கோதுமையே காரணமாகலாம் என்று 1930-களிலேயே ஐயுற்றார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி அரிதாயிற்று, துலிப் மலரின் கிழங்கையும் மக்கள் உண்டனர். அக்கொடிய காலத்திலும் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மோசமடையாதிருந்தது டிக்கேயின் ஐயத்தை உறுதிப்படுத்தியது. போருக்குப்பின் ரொட்டி மீண்டதும் நோயும் மீண்டது. இவ்வாராய்ச்சியின் பயனை 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அவர் நிறுவினார்.

மலாயா மக்கள் அரிசியின்றி மரவள்ளியை நாடிய அதே போர்க்காலத்தில்தான், ரொட்டியின்மை சில குழந்தைகளுக்கு நன்மையாவதை ஹாலந்து கண்டது. ஒன்றையொன்று அறியாத அவ்விரு பஞ்சங்களின் படிப்பினைகளும் இன்று ஒரே அடுக்களையில் வந்து கூடியுள்ளன.

பெயரும் வரவும்

மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. போர்த்துகீசிய வணிகரின் வழியாக அது ஆப்பிரிக்காவுக்கும் ஆசியக் கரைகளுக்கும் பரவிற்று. டாப்பியோக்கா என்னும் பெயர் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் தூப்பி மொழியிலிருந்து வந்ததாகும். மலாய் மொழியில் இக்கிழங்கினை உபி காயு என்பர். உபி என்பது கிழங்கு; காயு என்பது மரம். மரவள்ளி என்னும் தமிழ்ப் பெயரும் மரத்தையே முன்வைத்து அமைந்திருத்தல் காண்க.

திருவாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், வறியோர் பசிதீர இப்பயிரைப் பரப்பினார். மலாயாவிலோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் சீன முதலாளிகள் இதனைப் பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டனர். தமிழகத்தின் சேலம் வட்டாரம் இன்று சவ்வரிசிக்குப் பெயர்பெற்றது. அத்தொழில் அங்கு 1943-ஆம் ஆண்டளவில் வேரூன்றியபோது, மாணிக்கம் செட்டியார் என்னும் வணிகருக்குப் பினாங்கிலிருந்து வந்த பொப்பட்லால் ஷாவின் தொழிலறிவு துணைநின்றது. பாயசத்தில் இடும் வெண்ணிற மணிகளுக்குப் பின்னால் மலாயாத் தொடர்பு ஒன்று இருத்தல் பலர் அறியாத செய்தியாகும்.

மாவின் இயல்பு

கடைகளில் மரவள்ளி மாவு என விற்கப்படுவது பெரும்பாலும் கிழங்கை உலர்த்தி இடித்த மாவன்று. கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்தே ஆகும். கிழங்கைத் தோல் சீவித் துருவி, நீர் வார்த்துப் பிசைந்து, துணியிலிட்டுப் பிழிவர். பிழிந்த வெண்ணீரை அசையாது வைத்தால் மாவு அடியிற் படியும். மேல்நீரை வடித்துவிட்டு மாவை உலர்த்துவர். பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சை விளைவிக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. துருவி அலசி உலர்த்தும்போது அதன் பெரும்பகுதி நீங்குகிறது. கிழங்கைப் பச்சையாக உண்ணலாகாது என்று பெரியோர் கூறியதன் காரணம் இதுவே.

இம்மாவுக்கு மணமில்லை; தனிச்சுவையும் இல்லை. நீருடன் சூடேறி, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவில் இதன் துகள்கள் பருத்து வெடித்துக் கண்ணாடிபோல் தெளிந்த கூழாகின்றன. அக்கூழ் இழுபடும் தன்மையுடையது. கோதுமையில் பசையம் செய்யும் வேலையை ஓரளவு ஈடுசெய்வது இத்தன்மையே.

பசையம் செய்யும் வேலை

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்தால் கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்களும் இணைந்து வலைபோலப் பின்னிக்கொள்ளும். நொதியினால் எழும் காற்றை அவ்வலை சிறைப்படுத்துவதால் ரொட்டி உப்புகிறது. ரொட்டிச் சானாய் போடுபவர் மாவை மெல்லிய துணிபோல் வீசி விரிப்பதும் இவ்வலையின் வலிமையால்தான். பசையம் இல்லாத மாவு பிசைந்தால் உதிரும்; சுட்டால் விரியும்; ஆறினால் பொடியும்.

மரவள்ளி மாவில் அவ்வலை இல்லை. ஆனால் வெந்நீரோ கொதித்த பாலோ வார்த்துப் பிசைந்தால் மாவின் ஒரு பகுதி உடனே கூழாகி மற்றப் பகுதியைப் பிணைக்கிறது. இடியாப்பத்துக்கு வெந்நீர் வார்த்து மாவு பிசையும் இல்லத்தரசியர்க்கு இம்முறை புதியதன்று.

அடுக்களையில் பயன்படுத்தும் முறை

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் பாலாடைக்கட்டி ரொட்டி என்னும் சிற்றுண்டி பெயர்பெற்றது. மரவள்ளி மாவின்மேல், அதன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு பாலையும் சிறிது எண்ணெயையும் கொதிக்கவைத்து ஊற்றிப் பிசைவர். ஆறியபின் முட்டையும் துருவிய பாலாடைக்கட்டியும் சேர்த்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கிச் சூடான அடுப்பில் சுடுவர். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி எழும்போது இழுபடும் கூழ் அதனைத் தாங்கி உப்புகிறது. நொதியும் கோதுமையும் இன்றியே உருண்டை எழும்புவது இவ்வாறே.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. துருவிய மரவள்ளியுடன் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, மேல்புறம் சிவக்கச் சுடும் மலாய்ப் பலகாரமான பிங்கா உபி, கோதுமை இல்லாத அப்பமே ஆகும். அரிசி மாவையும் மரவள்ளி மாவையும் தேங்காய்ப்பாலிற் கரைத்து அடுக்கடுக்காக ஆவியில் அவிக்கும் குவே லாப்பிஸ் மற்றொன்று. அதில் அரிசி மாவு உறுதியையும் மரவள்ளி மாவு இழுவையையும் தருகின்றன.

வீட்டில் சப்பாத்திபோன்று தட்டுவதற்கு அரிசி மாவு, சோள மாவு, கடலை மாவு ஆகியவற்றைக் கலந்து, அக்கலவையில் நாலில் ஒரு பங்கு மரவள்ளி மாவு சேர்த்து வெந்நீரில் பிசையலாம். வாழையிலைமேல் வைத்துத் தட்டினால் பிளவுபடாமல் வரும். ரொட்டி சுடுவதாயின் முட்டையோ நீரில் ஊறிய இசப்கோல் உமியோ சேர்த்தல் நன்று. மரவள்ளி மாவின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டால் ரொட்டி சவ்வுபோல் ஆகிவிடக்கூடும். சுட்ட ரொட்டியைச் சூட்டோடு அறுத்தலாகாது. ஆறிய பின்னரே உட்புறம் இறுகும். குழம்பைக் கெட்டியாக்க வேண்டின், மாவைத் தண்ணீரிற் கரைத்து இறுதியிற் சேர்த்தல் வேண்டும். நேரே தூவினால் கட்டிதட்டும். நெடுநேரம் கொதித்தால் நீர்த்துவிடும்.

மறைந்திருக்கும் கோதுமை

தமிழர் அடுக்களை இவ்வகையில் நற்பேறு பெற்றது. இட்டிலி, தோசை, இடியாப்பம், அரிசிப் புட்டு ஆகியவை இயல்பாகவே கோதுமை சாராதவை. ஆயினும் மறைவாகப் புகும் கோதுமையை அறிந்து விலக்குதல் வேண்டும். ரவையும் பெரும்பாலான சேமியாவும் கோதுமையே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருத்தல் உண்டு. சோயாச் சாற்றிலும் பெரும்பாலும் கோதுமை சேர்கிறது. மால்ட் கலந்த பானங்களில் வாற்கோதுமை உள்ளது. பொட்டலத்தின்மேல் காண்டும் என்னும் மலாய்ச் சொல் இருப்பின் அது கோதுமையைக் குறிப்பதாகும். மரவள்ளி மாவே ஆயினும், கோதுமை அரைக்கும் ஆலையில் அரைக்கப்பட்டிருந்தால் அதுவும் தீங்கு செய்யும்.

இல்லாமையே ஏற்றம், இல்லாமையே குறை

மரவள்ளி மாவில் பசையம் இல்லை என்பது அதன் ஏற்றம். ஆனால் பசையம் மட்டுமன்று, வேறெந்தப் புரதமும் அதில் இல்லையென்றே கூறலாம். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 10 கிராம் புரதம் உண்டு; அதே அளவு மரவள்ளி மாவில் ஒரு கிராமும் தேறாது. வைட்டமின்களும் மிகக் குறைவு. ஜப்பானியர் ஆட்சியில் கிழங்கையே பெரிதும் நம்பியிருந்த மக்களிடையே கைகால் வீக்கமும் பெரிபெரி நோயும் மலிந்தன. வயிறு நிறைந்தது, உடல் நிறையவில்லை. அன்றைய கிழங்குக்கு இருந்த இக்குறை இன்றைய மாவுக்கும் உண்டு. ஆகவே பருப்பு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றோடு சேர்ந்தே மரவள்ளி மாவு நல்லுணவாகும். தனித்து நின்றால் அது வெறும் நிரப்பியே.

மற்றொன்றும் கருதத்தக்கது. குழந்தைக்கு நோய் இருக்கலாம் என்ற ஐயத்தால் பெற்றோர் தாமே கோதுமையை நிறுத்திவிடுதல் தவறு. பசையத்தை உண்டுவரும்போதுதான் குருதிச் சோதனையில் நோய் சரியாகப் புலப்படும். சோதனைக்குப் பின்னரே விலக்கு. உறுதியானபின் அவ்விலக்கு வாழ்நாள் முழுவதற்கும் உரியது. நோயில்லாதார் கோதுமையை விட்டு மரவள்ளி மாவுக்கு மாறுவதனால் தனிப்பயன் எதுவுமில்லை.

வகுப்பில் ஒரு மாணவன் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி, வெளிறிய முகத்தோடு, அடிக்கடி வயிற்றுவலி என்று கூறினால், அதனைப் பள்ளிக்கு வர மனமில்லாத சாக்கு எனக் கொள்ளாது பெற்றோரிடம் எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். நோய் உறுதியான மாணவனைப் பிறந்தநாள் விருந்தின்போது ஒதுங்கி நிற்க விடுவதும் முறையன்று. ஏனையோர் கேக் உண்ணும்பொழுது அவன் கையிலும் ஒரு துண்டு பிங்கா உபி இருக்கலாம். அதனை எல்லோருமே பகிர்ந்துண்ணின் இன்னும் நன்று. பஞ்சத்தில் முன்னோரைக் காத்த கிழங்கு, ஒரு பிள்ளையைப் பந்தியில் மற்றவரோடு சேர்த்து உட்கார வைக்கவும் வல்லது.