அருவி இல்லாத ஊர்ல எங்க ஓடறது? தென்னேரிப் பக்கம் ஒரு ரன்னிங் கைடு

ரன்னிங் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் அருவி, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு, நடுவுல ஒத்தையடிப் பாதை, அதுல ஒருத்தர் மூச்சே வாங்காம ஓடிட்டு இருப்பார். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஷூவை மாட்டிக்கிட்டு வெளிய வந்தா, நமக்குக் கிடைக்கிறது ஒரகடம் போற கன்டெய்னர் லாரியும் அது கிளப்புற புழுதியும்தான். அதனாலேயே காலேஜ் கிரவுண்டைச் சுத்திச் சுத்தி வர்றவங்க நம்மள்ல நிறைய பேர்.

ஆனா காஞ்சிபுரம் மாவட்டத்துல நீர்வளத்துறை பராமரிப்புல மட்டும் 381 ஏரிகள் இருக்கு. ஏரி இருந்தா கரை இருக்கும். கரை இருந்தா லாரி வராத ஒரு ரன்னிங் ரூட் ஏற்கெனவே ரெடின்னு அர்த்தம். தண்ணி எங்கிருந்து வந்து, எங்க நின்னு, எப்படி வெளிய போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, எங்க ஓடலாம், எப்போ ஓடக் கூடாதுன்னு ரெண்டுமே தெரிஞ்சிடும். இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

கரை ஏன் இவ்வளவு சமமா இருக்கு?

வாலாஜாபாத்துக்கு வடக்கே இருக்கிற தென்னேரி, மாவட்டத்தோட பெரிய ஏரிகள்ல ஒண்ணு. தொண்டைமான் இளந்திரையன் பேரால 'திரையனேரி'ன்னு இருந்ததுதான் தென்னேரி ஆச்சுன்னு சொல்வாங்க. இங்க நிலம் லேசா ஒரு பக்கமா சரிஞ்சிருக்கும். மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டுட்டு, பள்ளமான பக்கத்துல மட்டும் பிறை மாதிரி வளைச்சு மண் கரை போட்டா, மழைத்தண்ணி தானா வந்து நிக்கும். நம்ம ஊர் ஏரிகள் பெரும்பாலும் இப்படித்தான்.

நிக்கிற தண்ணியோட மட்டம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அதனால கரையோட தலையும் ஒரே மட்டத்துல இருந்தாகணும், ஒரு இடம் தாழ்ந்தாலும் அங்கதான் உடையும். ஓடறவங்களுக்கு இது பெரிய வசதி. ஏத்தம் இறக்கம் கிட்டத்தட்ட கிடையாது, சிக்னல் கிடையாது, மண் தரைங்கிறதால முட்டிக்கும் தார் ரோடு மாதிரி அடி விழாது. ஒரே வேகத்துல ஓடிப் பழக இதை விட நல்ல இடம் கிடைக்காது.

போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற நண்பர்கள் கவனிங்க. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். கரைமேல நேரான இடத்துல தூரத்தை அளந்து, ரெண்டு பனைமரத்தை அடையாளமா வச்சுக்கிட்டா உங்க டிராக் ரெடி.

ஒரு விஷயம்: கரை பிறை வடிவம், வட்டம் கிடையாது. சுத்தி வந்துடலாம்னு கிளம்பினா வரத்துக்கால்வாய் பக்கம் போய் வேலிகாத்தான் முள்ளுல மாட்டிப்பீங்க. போன வழியே திரும்பி வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. சேட்டிலைட் மேப்ல அளந்து, பாதி தூரத்தைக் குறிச்சுக்கோங்க.

பாலாறு பக்கம்

ஏரி போரடிச்சா ஆறு இருக்கு. பழையசீவரத்துல இருந்து பாலத்தைத் தாண்டினா திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம், அதான் அந்தப் பேர். பாலாறு கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பிறக்குது, செய்யாறு சவ்வாது மலையில. ரீல்ஸ்ல பார்த்த மலையும் அருவியும் அங்க இருக்கு, அங்க பெஞ்ச மழைதான் நம்மகிட்ட ஆறா வருது. திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 11ஆம் நூற்றாண்டுலயே இங்க 15 படுக்கையோட ஒரு மருத்துவமனை நடந்ததை அது சொல்லுது. ஓடி முடிச்சு மூச்சு வாங்கும்போது போய்ப் பாருங்க.

ஆறு வறண்டிருக்கும்போது மணல்ல ஓடிப் பார்க்கத் தோணும். மணல்ல ஓட, கெட்டித் தரையை விட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. கால் புதையறதால நாம உதைக்கிற உதையில ஒரு பங்கு மணலைத் தள்ளவே போயிடுது. பத்து நிமிஷம் போதும். தண்ணி தேங்கியிருக்கிற பள்ளத்துல மட்டும் இறங்காதீங்க. மணல் அள்ளின குழியா இருந்தா ஆழம் வெளிய தெரியாது.

நம்ம ஊர் அருவி

ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வெளிய போக ஒரு வழி வேணும். அதுதான் கலங்கல். கரையை விடக் கொஞ்சம் தாழ்வா, கல்லும் சிமென்ட்டும் வச்சுக் கட்டியிருப்பாங்க. வடகிழக்குப் பருவமழை நல்லாப் பெஞ்ச வருஷம், "ஏரி கலங்கல் போகுது"ன்னு ஊரே பார்க்கப் போகும். வெள்ளையா நுரைச்சு விழற அந்தத் தண்ணிதான் சமவெளியில நமக்குக் கிடைக்கிற அருவி. பாருங்க, போட்டோ எடுங்க. ஆனா அதைக் கடந்து அந்தப் பக்கம் போய் ரன்னைத் தொடரலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

ஏன்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச டிராக் ஃபார்முலாவை வச்சே போட்டுப் பார்ப்போம். முழங்கால் வரைக்கும் தண்ணி. ரெண்டு காலும் சேர்ந்து தண்ணிக்குக் காட்டுற பரப்பு சுமார் 0.1 சதுர மீட்டர், டிராக் கோஎஃபிஷியன்ட் 1.2, வேகம் விநாடிக்கு 2 மீட்டர். விசை 240 நியூட்டன். கிட்டத்தட்ட 24 கிலோ எடை உங்க காலைப் பக்கவாட்டுல தள்ளுற மாதிரி. இப்போ உங்க எடை 60 கிலோ, பாசி பிடிச்ச கல்லுல ஃப்ரிக்‌ஷன் கோஎஃபிஷியன்ட் 0.3னு வச்சுக்கோங்க. உங்களைப் பிடிச்சு நிறுத்துற விசை சுமார் 177 நியூட்டன்தான். மிதப்பு விசையால அதுவும் குறையும். அதாவது நீங்க எவ்வளவு ஃபிட்டா இருந்தாலும் கால் வழுக்கும். வேகம் 3 மீட்டர் ஆனா விசை 540 நியூட்டன். வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், மறந்துடாதீங்க.

தரைப்பாலத்துக்கும் இதே கணக்குதான். 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த வெள்ளத்துல வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலமே சேதமாச்சு. உங்க தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கிறதை நம்பவும் முடியாது. மழை மேல எங்கயோ பெஞ்சிருக்கும், தண்ணி அப்புறம்தான் இங்க வரும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தர் அடிச்சுட்டுப் போய் இறந்தார். நம்மை விட நாலு வயசு சின்னவர்.

கிளம்பறதுக்கு முன்னாடி

மே மாசம் சூரியன் ஆறு மணிக்கு முன்னாடியே வந்துடும். ஏழு மணிக்குள்ள முடிச்சிடுங்க. ஜனவரியில ஆறரை வரைக்கும் இருட்டுதான், வெளிச்சம் வந்தப்புறம் கிளம்புங்க. கரையோரப் புல்லுல பாம்பு இருக்கும், நடுப்பாதையை விட்டு இறங்காதீங்க. ஏரி நிரம்பியிருக்கிற கார்த்திகை, மார்கழியில காட்சி அழகா இருக்கும், ஆனா மழை பெஞ்ச மறுநாள் கரை களிமண்ணா வழுக்கும். ஒரு நாள் காய விடுங்க.

தனியாப் போகாதீங்க. முக்கியமா, ஆள் நடமாட்டம் இல்லாத கரையில ஓடத் தயங்குற தோழிகள், மூணு பேராச் சேர்ந்து, வயலுக்கு ஆள் வர்ற நேரமாப் பார்த்துப் போங்க. லைவ் லொகேஷனை ரூம்மேட்டுக்கு அனுப்பிடுங்க.

மாடு ஓட்டிட்டு வர்றவங்க எதிர்ல வந்தா நின்னு வழி விடுங்க. கரை அவங்களோடது. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டுல, குடவோலை முறையில ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதி இருக்கு. ஏரியைப் பார்த்துக்கவே தனியா ஒரு குழு! ஆயிரம் வருஷமா இந்தப் பக்கத்துச் சோறு கரையை நம்பித்தான் இருக்கு. அதனால தண்ணி பாட்டிலைக் கரையில வீசாதீங்க, அலைக்கல்லைப் புரட்டாதீங்க, மதகு ஷட்டரைத் தொடவே தொடாதீங்க.

எந்த ஆப்பும் காட்டாத ஒரு தகவல் அவங்ககிட்ட இருக்கு. "அண்ணா, கலங்கல் போகுதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. போகுதுன்னு சொன்னா, அன்னைக்கு உங்க ரூட் கலங்கலுக்கு முன்னாடியே முடியுது. வாட்ச்ல அஞ்சு கிலோமீட்டருக்குப் பதிலா நாலுன்னு காட்டும், பரவாயில்லை. மிச்ச ஒரு கிலோமீட்டரைத் திரும்பி வர்ற வழியில ஓடிக்கலாம்.