ஓர் எழுத்தின் பிழை: அரிவாள் செல் நோயும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும்

குழந்தைக்கு அரிவாள் செல் இரத்தசோகை இருப்பது உறுதியானதும் ஆலோசனை அறையில் எழும் முதற்கேள்வி பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. “இது யார் வழியாக வந்தது?” என்பதே அக்கேள்வி. கேட்பவர் பாட்டியாகவோ அத்தையாகவோ இருப்பார். பார்வை தாயின் மேல் நிலைத்திருக்கும். இந்த இதழில் அக்கேள்விக்கே முதலிடம் தருகிறோம்.

நம் உடலின் உயிரணுக்களுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. நான்கே வேதிப்பொருள்களை எழுத்துகளாகக் கொண்டு எழுதப்பட்ட ஏடு அது; பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் பிரதியில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. தாய் ஒரு பிரதியும் தந்தை ஒரு பிரதியும் தருகின்றனர். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினை உருவாக்கும் மரபணு, 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவில் அடினின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் அமைந்துவிட்டால், 146 அமினோ அமிலங்களாலான சங்கிலியின் ஆறாமிடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்தமர்கிறது. மாற்றம் அவ்வளவே. ஆயினும் அப்படி உருவான ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்போல் விறைக்கிறது. சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. நோயாளிகள் படும் தாங்கொணா வலி இங்கிருந்துதான் தொடங்குகிறது. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் வடிவணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். இரத்தசோகைக்குக் காரணம் அதுவே.

ஒரு பிரதியில் மட்டும் இம்மாற்றம் இருந்தால் நோய் வருவதில்லை. அத்தகையவரை நோய்க்கூறு சுமப்பவர் என்கிறோம். அவர் நலமாகவே வாழ்வார். நோயுற்ற குழந்தையோ இரு பிரதிகளிலும் பழுதைப் பெற்றிருக்கிறது. ஆகவே, தாய் தந்தை இருவரின் பங்கும் இதில் சமம். தாயை மட்டும் குற்றஞ்சாட்டுவது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. தந்தையைக் குற்றஞ்சாட்டுவதும் அவ்வாறே.

கணக்கொன்றைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். பெற்றோர் இருவரும் சுமப்பவராயின் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. “முதற்குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு அச்சமில்லை” என்று எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. இரண்டாவது குழந்தைக்கும் நான்கில் ஒன்றே, ஐந்தாவது குழந்தைக்கும் நான்கில் ஒன்றே. சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பழுதே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இதைவிடக் கொடிய தவறு மற்றொன்று உண்டு. தாய்க்குச் சோதனையில் அரிவாள் செல் கூறு தென்படுகிறது, தந்தைக்கு “இல்லை” என்று வருகிறது, குழந்தைக்கோ நோய். உடனே தாயின் ஒழுக்கத்தின்மீது ஐயம் எழுகிறது. அந்த ஐயத்துக்கு முன் ஒன்றைக் கேட்டறியுங்கள்: தந்தை பீட்டா தலசீமியாவைச் சுமப்பவரா? அது அதே மரபணுவில் நேரும் வேறொரு பழுது. எளிய கரைதிறன் சோதனையில் அது தெரியாது. ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்தளக்கும் சோதனை தேவை. இரு பழுதுகளும் ஒரு குழந்தையில் சேர்ந்தால் அரிவாள் செல் நோய்போலவே வெளிப்படும். முழுச் சோதனைக்கு முன் எந்த முடிவுக்கும் வாராதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.

இந்நோய் தமிழகத்துக்குப் புதிதன்று. இந்தியாவில் இக்கூறு முதன்முதலாக 1952இல் பதிவானதே நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். மலேரியா மிகுந்த நிலங்களில் வாழ்ந்தவர்களிடம் இது ஏன் பரவலாக இருக்கிறது என்பதை 1954இல் அந்தோணி அலிசன் விளக்கினார்: ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரைக் கடும் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. முன்னோரைக் காத்த கூறே இரட்டிப்பாகும்போது பேரனை வருத்துகிறது.

தாய்மாமனை மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். மாமனும் மருமகளும் சராசரியாகத் தம் டி.என்.ஏ.வில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பர். ஒரே மூதாதையின் பழுது இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. உறவில் மணம் செய்யாதீர்கள் என்று கட்டளையிட நாங்கள் வரவில்லை. மணநாள் குறிக்குமுன் இருவரும் ஓர் இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறோம். ஜாதகத்துக்குச் செலவிடும் நேரத்தில் சிறு பங்கு போதும்.

“எங்கள் டி.என்.ஏ. காவல்துறைக்குப் போகுமா?” என்று சிலர் தயங்குகின்றனர். இக்கேள்விக்குச் சுவையான பின்னணி உண்டு. சிறிதளவு டி.என்.ஏ.வைப் பல கோடி நகல்களாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை 1985இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதன் பயனாகக் காட்டப்பட்டது அரிவாள் செல் நோயைக் கண்டறிவதே. குற்றவியல் ஆய்வகங்கள் ஒரு துளி இரத்தத்திலிருந்து ஆளை அடையாளங்காண உதவுவதும் அம்முறையே. ஆனால் இரண்டும் பார்க்கும் இடங்கள் வேறு. குற்றவியல் சோதனை, ஆளுக்கு ஆள் நீளம் வேறுபடும் பல பகுதிகளை ஒப்பிடுகிறது. நோய்ச் சோதனையோ பீட்டா குளோபின் மரபணுவை மட்டும் வாசிக்கிறது. அந்த அறிக்கையைக் கொண்டு ஒருவரை அடையாளங்காண இயலாது.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. வலியில்லாத நாளிலும் அதை நிறுத்தக் கூடாது. பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மச்சை மாற்றம் நோயையே நீக்க வல்லது. மரபணுத் திருத்தத்தைப் பயன்படுத்தும் முதல் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. செய்தியைக் கேட்டு நம்பிக்கையோடு வருபவர்களிடம் நாங்கள் உண்மையையே கூறுகிறோம்: அதன் விலை சாமானியர் கைக்கு எட்டாதது, கடும் கீமோதெரப்பியும் அதன் முன் உண்டு. இன்று உங்கள் பிள்ளையைக் காப்பது தண்ணீரும், தடுப்பூசியும், தவறாத மாத்திரையுமே.

காய்ச்சல் 101 பாரன்ஹீட்டைத் தாண்டினாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், கை கால் திடீரெனச் சோர்ந்தாலும், வயிற்றின் இடப்புறம் வீங்கினாலும் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வந்தவுடன் “அரிவாள் செல் நோயாளி” என்று சொல்லுங்கள்.

அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும் தம்பதியர் கருத்தரிக்கும் முன்பே ஆலோசனைக்கு வருவது நன்று. கருவுற்றிருப்பின், கருவின் நிலையை அறியும் சோதனை 11ஆம் வாரத்திலிருந்து செய்ய இயலும் என்பதால் அதற்கு முன் வர வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வாருங்கள். பழைய இரத்த அறிக்கைகளையும், 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பெற்ற அட்டை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். முடிவை உரியவரிடம் மட்டுமே சொல்வோம். மாமியாரிடமோ பெண்வீட்டாரிடமோ சொல்வது உங்கள் விருப்பம்.