காற்றிலிருந்து சோறு

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலத்தை நேயர்களிற் பலர் அறிந்திருப்பார்கள். மரத்தடியில் குழி தோண்டி, துருத்தியை ஊதி, அண்டாவை நன்றாகக் காய்ச்சி, ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவித் துணியால் துடைப்பார். குபீரென்று வெண்புகை கிளம்பும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த நெடியில் ஒரு பங்கு அம்மோனியா என்னும் வாயுவினுடையது. மாட்டுத் தொழுவத்தை இரண்டு நாள் கழுவாமல் விட்டால் கண்ணைக் கரிக்கிறதல்லவா? அதுவும் இதே வாயுதான்.

நாற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இன்று உலகில் உயிர் வாழும் ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய ஆகாரம், இந்த வாயுவை ஆலையில் செய்யும் வித்தையை நம்பியிருக்கிறது. நமது தட்டில் விழும் சோற்றுக்கும் எண்ணூர்க் கடற்கரையில் ஒரு நள்ளிரவில் ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியதற்கும் இடையே உள்ள உறவு இந்த வாயுவின் வழியாகத்தான் ஏற்பட்டிருக்கிறது.

பயிர் பச்சையாக வளர நைட்ரஜன் வேண்டும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. ஆயினும் நெற்பயிருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடலுக்கு அருகில் குடியிருந்தும் கிணற்று நீர் உப்பாகிப்போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற மீஞ்சூர்வாசியின் கதிதான் பயிரின் கதியும். காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு, எளிதில் பிரிய மறுக்கின்றன. அவற்றைப் பிரிக்க மின்னலுக்குச் சக்தி உண்டு. அவரை, துவரை, தக்கைப்பூண்டு முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அந்தச் சாமர்த்தியம் உண்டு. நமது முன்னோர் வயலில் கொளுஞ்சியையும் தக்கைப்பூண்டையும் விதைத்து மடக்கி உழுததன் ரகசியம் இதுவே. பெயர் தெரியாமலே ரசாயனம் செய்தார்கள்.

ஜனத்தொகை பெருகப் பெருக அது போதவில்லை. 1898-ல் இங்கிலாந்தின் ரசாயன அறிஞர் வில்லியம் குரூக்ஸ், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் கோதுமை உண்ணும் தேசங்களைப் பஞ்சம் பிடிக்கும் என்று விஞ்ஞானிகளின் சபையில் எச்சரித்தார். பதினோரு வருஷங்களுக்குப் பிறகு ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பெரும் அழுத்தத்திலும் கடும் உஷ்ணத்திலும் சேர்த்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடியச் செய்து காட்டினார். அந்தச் சொட்டை ஆறாகப் பெருக்கிய பெருமை கார்ல் போஷ் என்ற என்ஜினீயரைச் சேரும். 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் அவருடைய ஆலை வேலை செய்யத் தொடங்கியது. மறு வருஷமே யுத்தம் வந்தது. உரமாக வேண்டிய அம்மோனியா வெடிமருந்தாயிற்று. ஹேபரே விஷவாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1921-ல் அதே ஓப்பாவில் உரக் குவியல் வெடித்து ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பிறந்த நாளிலிருந்தே இந்த வித்தைக்கு இரண்டு முகங்கள் இருந்து வந்திருக்கின்றன.

நம் நாட்டில் இது வேரூன்றிய கதை சுவையானது. 1906-லேயே ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் என்ற உரத்தைச் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அது நைட்ரஜன் உரம் அன்று. 1943-ல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியபோதுதான் உரம் என்பது உயிர்ப் பிரச்னை என்று எல்லோருக்கும் உறைத்தது. அவ்வருஷமே திருவாங்கூர் சமஸ்தானத்தில் திவான் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயரின் ஆதரவிலும், திருச்சி சேஷசாயி சகோதரர்களின் முயற்சியிலும் ஆலுவாய்க்கு அருகே ஓர் உரத் தொழிற்சாலை ஸ்தாபிக்கப்பட்டது. அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? நிலக்கரி பக்கத்தில் இல்லை, பெட்ரோலியமும் இல்லை. மலைக்காட்டு விறகை எரித்து வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனை எடுத்தார்கள்! 1947-ல் அந்த விறகு உரம் வெளிவந்தது. அடுப்பெரிக்கும் விறகு நெல்லுக்கு உரமாகும் என்று அந்நாளில் யாராவது சொல்லியிருந்தால் பாட்டிமார் சிரித்திருப்பார்கள்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் இந்தக் கதையின் பிற்பகுதியைச் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகலாம். திருவொற்றியூர் தாண்டும்போது மேற்கே மணலி, பிறகு எண்ணூர், அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், மீஞ்சூர், பொன்னேரி, அப்புறம் வயல்கள், மறுபடி கும்மிடிப்பூண்டியின் தொழிற்பேட்டை. மணலியும் எண்ணூரும் 2018 வரை திருவள்ளூர் ஜில்லாவிலே இருந்து, பின்னர் சென்னையோடு சேர்க்கப்பட்டன. ஆலையும் வயலும் இவ்வளவு நெருங்கி அமைந்த பிரதேசங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

மணலியில் உள்ள சென்னை உரத் தொழிற்சாலை, இந்திய சர்க்காரும் ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து 1966-ல் தோற்றுவித்தது; 1971-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 'விஜய்' என்ற முத்திரையோடு வரும் அதன் யூரியா மூட்டை கிராமத்துக் குடியானவர்களுக்குப் பழகிய பொருள். பின்னால் விரிவுபடுத்தப்பட்ட ஆலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 4,87,000 டன் யூரியா செய்யும் சக்தி உண்டு. பல காலம் அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நாப்தாவிலிருந்தே ஹைட்ரஜனைப் பெற்று வந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயுவை இறக்கும் நிலையம் 2019-ல் திறக்கப்படவே, அவ்வருஷம் ஜூலையில் ஆலை இயற்கை வாயுவுக்கு மாறியது. செலவும் புகையும் குறைந்தன. ஆனால் அந்த வாயு கப்பலேறி அந்நிய நாட்டிலிருந்து வருகிறது. சுதேசி யூரியாவுக்கு மூச்சு மட்டும் விதேசி!

தண்ணீர் விஷயத்தில் மணலிக்காரர்களைப் பாராட்டவே வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை ஆலைகளுக்காகவும் நகரத்துக்காகவும் இறைத்து இறைத்து, கடல் நீர் உள்ளே புகுந்துவிட்டது. அதன் பிறகு, 1990-களின் தொடக்கத்திலேயே, உர ஆலையும் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நகரத்துச் சாக்கடை நீரை வாங்கிச் சுத்தம் செய்து உபயோகிக்கத் தொடங்கின.

எண்ணூரில் நடப்பது வேறு. அங்கே 1960-களில் பாரி கம்பெனியார் தொடங்கி, இப்போது கோரமண்டல் கம்பெனியிடம் இருக்கும் ஆலைக்கு அம்மோனியா கப்பலில் வருகிறது. சைபருக்குக் கீழே 33 டிகிரிக்குக் குளிரவைத்தால் இவ்வாயு திரவமாகிவிடும். அப்படிக் குளிர்ந்த திரவத்தைக் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் மூலம் கரைக்குக் கொண்டுவந்து, பாஸ்பரஸ் சத்தோடு சேர்த்துக் கலப்பு உரமாக்குகிறார்கள். குழாய் கரையேறும் இடத்தில் பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள் உள்ளன.

2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு, கிட்டத்தட்ட பன்னிரண்டு மணிக்கு, அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறக்கத்திலிருந்தவர்கள் கண் எரிச்சலும் நெஞ்செரிச்சலுமாக எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பிரதான சாலைக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத அம்மோனியா 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் அளந்து கூறினார்கள். அம்மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் பெயர்ந்து அதைத் தாக்கியிருக்கலாம் என்பது ஆராய்ந்த குழுவின் கருத்து. ஆலையை நிறுத்தி வைக்க உத்தரவாயிற்று. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில்தான் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியிருந்தது. வலையும் படகும் எண்ணெயில் தோய்ந்து கிடந்த ஜனங்களுக்கு மூச்சிலும் சோதனை வந்தது.

அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் தீராத ஆசை. ஒரு படித் தண்ணீர் சில நூறு படி வாயுவை விழுங்கிவிடும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே பாயும். கண், தொண்டை, நுரையீரல் இவற்றைத் தாக்குவது அதனால்தான். அதே குணம் தற்காப்புக்கும் உதவுகிறது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும். கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, வைத்தியரிடம் போக வேண்டும். இந்த நாலு வரிகள் அப்பக்கத்து ஒவ்வொரு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் எழுதப்பட வேண்டியவை. அபாயச் சங்கு ஊதினால் அது எதற்கென்று ஜனங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியாத குழாய் அவர் வாசல் வழியே ஓடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அப்படியானால் ஆலைகளை மூடிவிடலாமா என்றால், அரிசிப் பானையும் உடன் காலியாகும். சூரிய வெளிச்சத்திலிருந்தும் காற்றாலையிலிருந்தும் மின்சாரம் எடுத்து, நீரைப் பிரித்து ஹைட்ரஜன் செய்து, அதைக் கொண்டு அம்மோனியா தயாரிக்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. அதற்காக இந்திய சர்க்கார் 2023 ஜனவரியில் ஒரு பெரிய திட்டத்துக்கு அனுமதி தந்தார்கள். நல்ல காரியம். இறக்குமதி வாயுவுக்கு அடிமைப்பட்டிருப்பது குறையும், கரிப்புகையும் குறையும். ஆனால் வெயிலில் பிறந்தாலும் விறகில் பிறந்தாலும் அம்மோனியா அம்மோனியாதான். அதன் நெடி மாறப் போவதில்லை. கப்பலிலும் குழாயிலும் போகும் அளவு குறைந்தால்தான் குப்பத்து ஜனங்களுக்கு லாபம். அந்த அளவைக் குறைக்கும் வழி வயலில் இருக்கிறது.

திருவள்ளூருக்கு அருகில் திரூர் என்னும் ஊரில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே உண்டாக்கிய நெல் வகைகளுக்கு 'டி.கே.எம்.' என்று பெயர். அவற்றுள் ஆறாம் எண் தாங்கிய நெல், தண்டைத் துளைக்கும் பூச்சியைத் தாங்கும் குணத்தால் பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வரை சென்று, ஐ.ஆர். 20 என்ற புகழ் பெற்ற நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்றாயிற்று. இந்தக் குட்டை நெற்கள் உரத்தை வாங்கிக்கொண்டு சாயாமல் நிற்கும்; மகசூலும் கொட்டும். அதைப் பார்த்த குடியானவர், ஒரு மூட்டைக்கு இவ்வளவு விளைந்தால் இரண்டு மூட்டைக்கு எவ்வளவு விளையும் என்று கணக்குப் போட்டார். சர்க்கார் உதவியால் 45 கிலோ மூட்டை வரியும் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் சேற்று வயலில் பத்து மூட்டை போட்டால் பயிர் உண்பது மூன்று அல்லது நாலு மூட்டைதான். மற்றது எங்கே போகிறது? ஒரு பகுதி வெயிலில் மறுபடியும் அம்மோனியாவாகிப் பறந்துவிடுகிறது. ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்ற, அது நீரோடு கீழிறங்கிக் கிணற்றில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் சேர்ந்தால், அந்த நீரில் பால் மாவு கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாய்ந்துவிடும். தாய்மார்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: நீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது; நீர் சுண்டி, அது இன்னும் செறிவாகும். வேறொரு பகுதி, கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடாகி ஆகாயத்தில் சேர்கிறது. எத்தனை கப்பல், எத்தனை குழாய், எத்தனை பேருடைய உறக்கம் இப்படி வீணாகிறது!

இதற்கு மருந்து நமது வாசலில் நிற்கும் வேப்பமரமே. வேப்பெண்ணெயிலுள்ள கசப்புச் சத்துக்கள், யூரியாவை அவசரமாக நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களைச் சிறிது காலம் அடக்கி வைக்கின்றன. பயிர் ஆற அமர உண்கிறது. புது டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதை ஆராய்ந்து நிரூபித்தார்கள். 2015-ல் தேசத்தில் செய்யும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட்டார்கள். பூசிய யூரியாவைப் பாலில் கலப்பதும், வேறு ஆலைகளுக்குத் திருட்டுத்தனமாக விற்பதும் கடினம் என்பது உபரி லாபம். கலப்படக்காரர்களுக்கும் கசக்கட்டுமே!

வேம்பு மட்டும் போதாது. எப்போது போடுவது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு இலை வண்ண அட்டை என்ற எளிய சாதனம் இருக்கிறது. வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகக் கோடிட்ட ஒரு பட்டை, அவ்வளவுதான். நன்றாக விரிந்த மேல் இலையை அதன்மேல் வைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சொந்த நிழலிலே ஒப்பிட வேண்டும். பத்து இடங்களில் பார்த்து, பெரும்பாலானவை நாலாம் எண் நிறத்துக்குக் கீழே இருந்தால்தான் உரம். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு மூன்றாம் எண். அதற்கு மேலே பச்சை இருந்தால் மூட்டையை அவிழ்க்க வேண்டாம். சொர்ணவாரியோ, சம்பாவோ, நவரையோ, எந்தப் பட்டமானாலும் நட்ட இரண்டு வாரத்திலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு காலை இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். பழைய முறையை விரும்புகிறவர்கள் ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கைப் பொடி செய்து கலந்து, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் வயலில் தண்ணீரைச் சிறுக வடித்துவிட்டுத் தூவுவார்கள்.