ரோலக்ஸ் கடிகாரம்: அசலா? போலியா?

மும்பை நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் "ரோலக்ஸ்" போலி என்பது வாங்குபவருக்கே தெரியும். அதில் மோசம் இல்லை.

"துபாயில் வாங்கியது, பண நெருக்கடி" என்று ஒருவர் ரூ.50 ஆயிரம் கேட்கும்போதுதான் ஆபத்து. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் பறிபோய்விடும்!

விநாடி முள் நொடிக்கொரு தரம் துள்ளினால் பாட்டரி கடிகாரம். இன்றைய ரோலக்சில் பாட்டரி கிடையாது. முள் வழுக்கிக்கொண்டு ஓடும். பெரும்பாலும் நொடிக்கு 8 சிற்றசைவுகள்.

ஆனால், பாட்டரி இல்லாத போலியிலும் முள் அப்படித்தான் ஓடும். தேதி எண்ணை இரண்டரை மடங்காகக் காட்டும் கண்ணாடியையும் இப்போது ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள். பெட்டி, ரசீது கேட்கவே வேண்டாம்.

பின்மூடியைக் கழற்றி உள் எந்திரத்தைப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள ரிப்பேர்காரர் போதும். பணம் கொடுக்குமுன் அவரிடம் போகலாம் என்று கூப்பிட்டுப் பாருங்கள். பலர் பாதி வழியிலேயே நழுவிவிடுவார்கள்.