எழுபது வயதுப் பிக்கப்பும் எம்மவர் கைவினையும்

கனடாவின் பழைய வாகனங்களுள் மேர்க்குரி என்ற பெயர் தாங்கிய பிக்கப்புகளுக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்காவில் மேர்க்குரி என்பது கார்களின் பெயராகவே இருந்தது. கனடாவிலோ 1940களின் பிற்பகுதியிலிருந்து 1968 வரை போர்ட் நிறுவனம் தனது பிக்கப்புகளை இப்பெயரிலும் விற்றது. சிற்றூர்களில் பெரும்பாலும் போர்ட் முகவர் இருப்பார், அல்லது மேர்க்குரி முகவர் இருப்பார். இருவரும் இருப்பது அரிது. மேர்க்குரி முகவரிடமும் கமக்காரருக்கு விற்க ஒரு பிக்கப் வேண்டுமல்லவா?

அத்தகைய 1955ஆம் ஆண்டுப் பிக்கப் ஒன்று ஸ்காபரோவில் எம்மவர் வீடொன்றின் கராஜுக்கு அண்மையில் வந்து சேர்ந்துள்ளது. வாங்கியவர் இங்கு பிறந்த இளைஞர். வழிகாட்டுபவர் அவரது தாய்மாமன். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களைத் திருத்தியே குடும்பத்தைக் காத்தவர். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போன காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓடவைத்தவர்களுள் ஒருவர். இங்கு வந்தபின் சான்றிதழ் இல்லாத காரணத்தால் தொழிற்சாலை வேலையிலேயே காலம் கழிந்தது. அவர் கையறிவு மருமகனுக்குச் சேர இதைவிட நல்ல வாய்ப்பு வாராது.

வாகனம் வந்த அன்றே எஞ்சினை இயக்கிப் பார்க்க இளைஞர் துடித்தார்.

"தம்பி, அவசரப்படாதை. ஓடுறது பிறகு. முதல் நிக்குமோ எண்டு பார்" என்றார் மாமன்.

அவர் சொல்லில் நியாயம் உண்டு. அக்கால வாகனங்களில் நான்கு சில்லுகளின் பிறேக்குக்கும் எண்ணெய் அனுப்புவது ஒரேயொரு அறை கொண்ட மாஸ்ரர் சிலிண்டர். ஏதாவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிறேக்கும் ஒருங்கே போய்விடும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் நெடுநாள் நின்ற வாகனத்தின் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது.

எஞ்சினுக்கும் பொறுமையே மருந்து. பழைய பெற்றோலை முற்றாக இறக்கினர். எட்டு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு, மூன்று நாட்கள் அப்படியே விட்டனர். பின்னர் சாவி கொண்டு கையாலேயே சுற்ற, முதலில் அசைய மறுத்த எஞ்சின் மெல்லச் சுழன்றது. இதைச் செய்யாமல் ஸ்ராற்றரால் சுழற்றியிருந்தால் உள்ளே துரு உராய்ந்து பெருஞ்செலவு வைத்திருக்கும்.

பற்றரியிலும் ஒரு பொறி இருந்தது. 1955 வரையிலான இவ்வகைப் பிக்கப்புகள் 6 வோல்ற் மின்னில் இயங்குபவை. பற்றரியின் நேர்முனையே சட்டத்துடன் இணைக்கப்படும். இக்கால வழக்கப்படி எதிர்முனையை இணைக்கப்போன மருமகனை மாமன் தடுத்தார். ஏ-40 காரிலும் நேர்முனையே சட்டத்துக்கு என்பது அவருக்கு மனப்பாடம்!

உடல்பகுதியே பெருங்கவலை. பனிக்காலத்தில் வீதிகளில் கொட்டப்படும் உப்பு, கபினின் கீழ் மூலைகளையும் மிதிபலகைகளையும் அரித்துவிட்டது. புதுத்தகடு வெட்டி ஒட்டவேண்டும். சிறுவர் உள்ள வீடுகள் இங்கு மிகுந்த கவனம் எடுத்தல் அவசியம். அக்காலப் பெயின்ற்றில் ஈயம் இருந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசு வீட்டினுள்ளும் பரவும். பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரொஸ் இருந்தது. காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுவதே முறை. இக்குடும்பத்தில் வேலை முடியும்வரை பேரப்பிள்ளைகளுக்குக் கராஜ் கதவு பூட்டியே இருக்கிறது.

பத்திரங்களையும் முதலிலேயே சரிபார்த்தனர். ஒன்ராறியோவில் 30 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத வாகனத்துக்கு வரலாற்று வாகனம் என்ற தனி இலக்கத்தகடு பெறலாம். ஆனால் அதைக் கொண்டு கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கே ஓட்டலாம். நாளாந்தம் வேலைக்குச் செல்ல முடியாது. நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் வழமையான இலக்கத்தகடே பெறவேண்டும்.

இப்போது நான்கு சில்லுகளும் கழற்றப்பட்டு, வாகனம் இரும்புத் தாங்கிகளின்மேல் நிற்கிறது. கழற்றிய ஒவ்வொரு பாகமும் படமெடுக்கப்பட்டு, பெயர் எழுதிய பைகளில் இருக்கின்றது. பிறேக் குழாய்களை வளைக்கும் வேலை வரும் சனிக்கிழமை தொடங்குகிறது.